குளத்தில் சாது, கூலிங் டவரில் வில்லன்

லீஜனெல்லா என்றொரு பாக்டீரியா இருக்கிறது. ஆறு, ஏரி, குளம் என்று நன்னீர் உள்ள இடங்களில் கிட்டத்தட்ட எங்கு பார்த்தாலும் அது உண்டு. அங்கே இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை கிடையாது. அதுவே ஓர் ஓட்டலின் வெந்நீர்க் குழாயிலோ, பெரிய ஏசியின் சூட்டைத் தணிக்க மொட்டைமாடியில் நிற்கும் கூலிங் டவரிலோ குடியேறிப் பெருகிவிட்டால் கதை வேறு. அடுத்த இரண்டு வாரத்தில் அந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் நிமோனியா கேஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். பாக்டீரியா அதே பாக்டீரியாதான், இடம்தான் வேறு.

இடம் மாறினால் ஏன் இப்படி ஆகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சுற்றுச்சூழல் நுண்ணுயிரியலாளரின் பிழைப்பு. மருத்துவமனை லேபில் இருப்பவர் நோயாளியின் சளியிலும் ரத்தத்திலும் கிருமியைத் தேடுவார். இவர் தேடுவது ஏரித் தண்ணீரில், குழாயின் உட்புறத்தில், ஷவரின் துளைகளில், ஏசி இயந்திரங்களில். எந்த பாக்டீரியா எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, யாரோடு கூட்டு, எப்படி நம் மூச்சுக்குள் வந்து சேர்கிறது என்பதெல்லாம் இவர் தலையில் விழும் கேள்விகள். லீஜனெல்லாவை வைத்தே இதை விளக்கிவிடலாம். இந்தத் துறையின் முக்கியமான பாடங்கள் எல்லாம் அதன் கதைக்குள் இருக்கின்றன.

பிலடெல்ஃபியா, 1976

ஜூலை 21 முதல் 24 வரை, பிலடெல்ஃபியா நகரின் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் ஓட்டலில் ‘அமெரிக்கன் லீஜன்’ என்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் பென்சில்வேனியா மாநில மாநாடு நடந்தது. மாநாடு முடிந்து ஊர் திரும்பியவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். கடும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், எக்ஸ்ரேயில் நிமோனியா. மொத்தம் 221 பேருக்கு நோய் வந்தது. 34 பேர் இறந்துபோனார்கள்.

நோய் வந்தவர்களில் சிலர் ஓட்டலுக்குள் காலே வைக்காதவர்கள். வெளியே பிராட் ஸ்ட்ரீட் நடைபாதையில் போனவர்கள், அவ்வளவுதான். சாப்பாட்டில் கோளாறு என்றால் தெருவில் போனவருக்கு ஏன் வரவேண்டும்? ஓட்டல் லாபியில் கூடுதல் நேரம் இருந்தவர்களுக்கு ஆபத்தும் கூடுதல் என்பது சி.டி.சி. எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் விசாரணையில் தெரிந்தது. வீட்டுக்குப் போனவர்களிடமிருந்து குடும்பத்தாருக்கும் பரவவில்லை. ஆக, காற்றில் வந்த ஏதோ ஒன்று. ஆனால் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாத ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் கட்டடத்தின் மேலேயே போய் விழுகிறது.

அன்றைக்கு அது யாருக்கும் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. பன்றிக் காய்ச்சல் என்று பயந்தார்கள். நிக்கல் கார்பனைல் என்ற விஷம் என்றார்கள். சதி என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஓட்டலுக்கு ஆள் வருவது நின்றுபோய், நவம்பரில் அதை மூடியே விட்டார்கள்.

சி.டி.சி.யில் ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் ரிக்கெட்சியா வகை பாக்டீரியாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வகையில் அன்று சேர்த்திருந்த ஒரு கிருமியால் வரும் கியூ காய்ச்சலாக இருக்குமோ என்று சோதித்துச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. இறந்தவர்களின் நுரையீரல் திசுவைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்குக் காய்ச்சல் கண்டது. திசுவைக் கண்ணாடிச் சில்லில் பூசி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குச்சி வடிவ பாக்டீரியாக்கள் தெரிந்தன. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவை என்று ஒதுக்கிவிட்டார். அடுத்ததாக, ரிக்கெட்சியாவைக் கருவுள்ள கோழிமுட்டையில் வளர்க்கும் வழக்கமான முறையில் முயன்றார். அந்த முறையில் வேறு பாக்டீரியா புகுந்து கெடுத்துவிடாமல் இருக்க ஆன்டிபயாடிக் சேர்ப்பார்கள். அவரும் சேர்த்தார். தேடிய ஆளையே அந்த மருந்து கொன்றுவிட்டது.

டிசம்பர் வரை கேஸ் அப்படியே கிடந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு விருந்தில் ஒருவர் இதைச் சொல்லிக் குத்திக்காட்டியது தன்னை உறுத்தியது என்று மெக்டேட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடுமுறை நாட்களில் தனியாக உட்கார்ந்து பழைய சில்லுகளை மறுபடி பார்த்தார். கூடைப்பந்து மைதானத்தில் தொலைந்த கான்டாக்ட் லென்ஸைத் தரையிலிருந்து நாலு அங்குலத்தில் கண்ணை வைத்துத் தேடுவது மாதிரியான வேலை அது என்பது அவருடைய வர்ணனை. ஒரு சில்லின் மூலையில் குச்சிகள் கும்பலாக இருந்தன. இந்த முறை ஆன்டிபயாடிக் சேர்க்காமல் முட்டையில் செலுத்தினார். பாக்டீரியா வளர்ந்தது. பிழைத்தவர்களின் ரத்தத்தில் அதற்கெதிரான எதிர்ப்பொருட்கள் இருக்கின்றனவா என்று பார்த்தார். இருந்தன. 1977 ஜனவரி 18-ஆம் தேதி சி.டி.சி. அறிவித்தது. 1979-இல் அதற்கு லீஜனெல்லா நியூமோஃபிலா என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெல்வியூ ஓட்டலின் எந்த இயந்திரத்திலிருந்தும் அந்த பாக்டீரியாவை அப்போது யாரும் பிரித்தெடுக்கவில்லை. ஏசியின் கூலிங் டவர்தான் காரணம் என்பது இன்றுவரை வலுவான சந்தேகம் மட்டுமே. அந்த பாக்டீரியாவை லேபில் வளர்க்க எந்த ஊட்டக்கலவை வேண்டும் என்பதே பிறகுதான் பிடிபட்டது.

இன்னொரு பக்கம், சி.டி.சி. பழைய ரத்த மாதிரிகளைத் தூக்கி எறியாமல் உறையவைத்திருந்தது. 1965-இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் 81 பேருக்கு வந்த, காரணம் தெரியாத நிமோனியாவும் இதுதான் என்று அந்த மாதிரிகள் சொல்லின. 1968-இல் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில் இன்னும் விசித்திரமான ஒன்று நடந்திருந்தது. மாவட்டச் சுகாதாரத் துறையின் சொந்தக் கட்டடத்தில் 144 பேருக்குத் திடீர்க் காய்ச்சல். அங்கே வேலை பார்த்த 100 பேரில் 95 பேர் படுத்துவிட்டார்கள். விசாரிக்கப் போன ஆய்வாளர்களுக்கும் வந்தது. நல்லவேளை, ஒருவரும் சாகவில்லை. சில நாட்களில் எழுந்துவிட்டார்கள். ஏசியை நிறுத்தினால் நோய் இல்லை, போட்டால் உண்டு. ஏசியின் ஆவியாக்கிக் குளிரூட்டும் பகுதியில் இருந்த தண்ணீர், நுண்துளியாகக் காற்றுக் குழாய்க்குள் கசிந்துகொண்டிருந்தது. அதுவும் லீஜனெல்லாதான் என்று பத்து வருடம் கழித்துத் தெரியவந்தது. ஒரே பாக்டீரியா ஓரிடத்தில் கொல்லும் நிமோனியாவாகவும் இன்னோரிடத்தில் வந்துபோகும் காய்ச்சலாகவும் எப்படி வருகிறது என்ற கேள்வி மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அது எங்கிருந்து வந்தது?

பெயர் வைத்தாயிற்று. இது புதிதாக முளைத்த கிருமியா, காலங்காலமாக இருந்ததா? இதற்குப் பதில் சொன்னது நோயாளிகளைப் பார்க்கிற ஆட்கள் இல்லை, ஏரிகளைப் பார்க்கிற ஆட்கள். கார்ல் ஃப்ளியர்மன்ஸ் என்ற நுண்ணுயிர்ச் சூழலியலாளர், நோயே வராத இடங்களில் தண்ணீர் எடுத்துப் பார்த்தார். 67 ஏரிகளிலும் ஆறுகளிலும் தேடிய அவருடைய குழுவின் ஆய்வு 1981-இல் வெளிவந்தது. ஏறக்குறைய தேடிய இடமெல்லாம் லீஜனெல்லா இருந்தது.

இங்கே ஒரு புதிர். லேபில் லீஜனெல்லாவை வளர்ப்பது லேசான காரியம் இல்லை. பாக்டீரியா வளர்க்கப் பயன்படும் ரத்த அகார் என்ற சாதாரணக் கூழில் வளராது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும், இரும்புச் சத்து வேண்டும், நஞ்சுகளை உறிஞ்சிக்கொள்ளக் கரித்தூள் வேண்டும். இத்தனை பத்தியம் பார்க்கும் ஒன்று, சத்தே இல்லாத தெளிந்த ஏரித் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்த டிம் ரோபாதம் 1980-இல் விடை சொன்னார்: அது தண்ணீரில் வாழவில்லை, தண்ணீரில் உள்ள அமீபாவுக்குள் வாழ்கிறது. அமீபா பாக்டீரியாக்களை விழுங்கிச் செரித்து வாழும் ஒற்றைச் செல் உயிரி. லீஜனெல்லாவையும் அப்படித்தான் விழுங்குகிறது. ஆனால் செரிக்க முடிவதில்லை. உள்ளே போன லீஜனெல்லா, அமீபாவின் செரிமான ஏற்பாட்டை முடக்கிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தின்று பெருகி, கடைசியில் அமீபாவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

சரி, நம் நுரையீரலில் என்ன நடக்கிறது? அங்கே மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் காவல் இருக்கின்றன. உள்ளே வரும் கிருமியை விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. லீஜனெல்லாவுக்கு மேக்ரோஃபேஜும் ஓர் அமீபாதான். அமீபாவிடம் பழகிய வித்தையை அப்படியே இங்கே காட்டுகிறது. மனிதர்களைத் தாக்குவதற்காக அது எதையும் தனியாகக் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. அமீபாவைப் படித்த ஒருவர் நிமோனியாவின் அடிப்படையையே விளக்கிவிட்டார். பெனிசிலின் வகை மருந்துகள் இந்த நோய்க்குச் சரியாக வேலை செய்யாததற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்: கிருமி செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, அந்த மருந்துகள் செல்லுக்குள் போதுமான அளவு போவதில்லை. அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவை போகும்.

கட்டடம் என்ன தப்பு செய்கிறது?

ஏரியில் லீஜனெல்லா இருந்தும் நமக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன்? எண்ணிக்கை மிகக் குறைவு. தண்ணீர் பெரும்பாலும் குளிர்ச்சி. தவிர, ஏரி நீர் தூவலாகி நம் மூக்குக்குள் போவதும் அபூர்வம். கட்டடம் இந்த மூன்றையும் தலைகீழாக்குகிறது.

முதலில் வெப்பம். லீஜனெல்லா 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சோம்பிக் கிடக்கும். ஏறக்குறைய 25 முதல் 45 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். 50-ஐத் தாண்டினால் வளராது. 60 டிகிரியில் நிமிடக் கணக்கில் சாகும். பெரிய கட்டடங்களின் வெந்நீர் அமைப்பில் இந்த நடுத்தரச் சூடு தாராளமாகக் கிடைக்கிறது. தொட்டியில் 60 வைத்திருந்தாலும், கடைசி மாடியின் கடைசி அறைக்குப் போய்ச் சேருவதற்குள் 40 ஆகிவிடும். சுட்டுவிடக் கூடாது, மின்சாரமும் மிச்சமாகும் என்று தொட்டியிலேயே சூட்டைக் குறைத்து வைப்பவர்களும் உண்டு. மிச்சம் பிடிப்பது நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் இல்லை.

அடுத்து தேக்கம். பழைய கட்டடங்களில் ஒரு வாஷ்பேசினை எடுத்துவிட்டு, குழாயை மட்டும் மூடி போட்டு அடைத்து வைத்திருப்பார்கள். அந்தத் துண்டுக் குழாய்க்குள் தண்ணீர் வருடக்கணக்கில் நகராமல் நிற்கும். குளோரின் நாளாவட்டத்தில் தீர்ந்துவிடும். குழாயின் உட்சுவரில் வழவழப்பான ஒரு படலம் படியும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவும்போது விரலில் வழுக்குமே, அதேதான். பயோஃபிலிம் என்பார்கள். அதற்குள் பலவகை பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிப் பிசின் சுரந்து ஒட்டிக்கிடக்கும். அவற்றை மேய அமீபா வரும். அமீபாவுக்குள் லீஜனெல்லா வரும். குளோரின் போட்டால்? அமீபா தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு முடங்கிவிடும். உள்ளே இருப்பவருக்கும் அதே பாதுகாப்பு. குளோரின் நெடி அடங்கியதும் எல்லாரும் பழையபடி. ‘ஒரு தடவை மருந்து போட்டாயிற்றே’ என்று கட்டட நிர்வாகம் நிம்மதியாக இருக்கும்போது இரண்டாவது அலை வருவது இதனால்தான்.

2020-இல் கொரோனா ஊரடங்கின்போது அலுவலகங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. குழாய்களில் தண்ணீர் நின்றது. திறக்கும்போது ஜாக்கிரதை என்று உலகம் முழுக்க எச்சரித்தார்கள். அந்த ஆகஸ்டில் அட்லாண்டாவில் சி.டி.சி.யே வாடகைக்கு எடுத்திருந்த சில கட்டடங்களின் தண்ணீரில் லீஜனெல்லா இருப்பது தெரிந்து, அவற்றை மறுபடி மூட வேண்டியதாயிற்று. லீஜனெல்லாவைக் கண்டுபிடித்தவர்களின் கட்டடத்திலேயே!

மூன்றாவது, தூவல். லீஜனெல்லா நுரையீரலின் ஆழத்துக்குப் போக வேண்டுமானால் சுமார் 5 மைக்ரானுக்கும் சிறிய துளியில் ஏற வேண்டும். ஷவர், அலங்கார நீரூற்று, சூடான நீர்ச்சுழல் தொட்டி எல்லாமே அதைச் செய்கின்றன. 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில் விற்பனைக்கு வைத்திருந்த நீர்ச்சுழல் தொட்டியை ஓடவிட்டுக் காட்டினார்கள். அதில் யாரும் இறங்கிக் குளிக்கவில்லை. பக்கத்தில் நடந்து போனவர்கள்தான். குறைந்தது 32 பேர் இறந்தார்கள்.

கூலிங் டவர்தான் இதில் பெரிய ஆள். மாலிலும் மருத்துவமனையிலும் மொட்டைமாடியில் பெரிய பெட்டி மாதிரி நிற்குமே, மேலே மின்விசிறி சுற்ற லேசாகப் புகை போலப் போகுமே, அது. கட்டடத்துக்குள் இருந்து ஏசி உறிஞ்சிய வெப்பம் தண்ணீரில் ஏறி அங்கே போகிறது. வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரை அடுக்குகளின் மேல் தெளித்து, விசிறியால் காற்றை இழுக்கிறார்கள். கொஞ்சம் ஆவியாகிறது, மிச்சம் குளிர்கிறது. ஆவியில் பாக்டீரியா போகாது. காற்றோடு சேர்ந்து பறக்கும் நுண்துளிகளில் போகும். அதைத் தடுக்கத் துளிபிடிப்பான் தகடுகள் உண்டு. பராமரிக்காவிட்டால் அவை இருந்தும் பயனில்லை. வெதுவெதுப்பு, வெயில், தூசி, பாசி, உப்புப் படிவு எல்லாம் ஒரே இடத்தில். லீஜனெல்லாவுக்கு வேறென்ன வேண்டும்?

2003-04 குளிர்காலத்தில் பிரான்ஸின் பா-து-கலே பகுதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் கூலிங் டவரிலிருந்து கிளம்பிய துளிகள் 6 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆட்களைப் படுக்கவைத்தன. 2015-இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸில் ஓர் ஓட்டல் டவரால் 138 பேருக்கு நோய் வந்து 16 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நகரம் கூலிங் டவர்களைப் பதிவுசெய்து தவறாமல் சோதிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது.

குற்றவாளியைப் பிடிக்கும் வேலை

இந்த மாதிரி சமயத்தில் நுண்ணுயிரியலாளர் ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாக ஏறுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழாய் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எந்த வால்வு எப்போதும் மூடியே இருக்கிறது என்று தெரியாமல் மாதிரி எடுத்தால் வெறும் தண்ணீர்தான் கிடைக்கும்.

தண்ணீரை எடுக்கும் பாட்டிலில் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் போட்டிருப்பார்கள். குளோரினை முறிக்க அது வேண்டும்; இல்லாவிட்டால் லேப் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே பாக்டீரியா செத்துவிடும். குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரையும் சற்று ஓடவிட்ட பிறகு வரும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிடிப்பார்கள். முன்னது குழாய் வாயின் நிலவரம், பின்னது உள்ளே இருக்கும் அமைப்பின் நிலவரம். ஷவர்த் தலையைக் கழற்றி உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் வழித்தெடுப்பார்கள். கூடவே தெர்மாமீட்டர். பல நேரம் அந்த வெப்பமானியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

லேபில் தண்ணீரை மிக நுண்ணிய வடிகட்டியில் ஊற்றி பாக்டீரியாக்களைச் சேகரிப்பார்கள். வேகமாக வளரும் மற்ற பாக்டீரியாக்கள் தட்டை மூடிவிடாமல் இருக்க, மாதிரியின் ஒரு பங்கை 50 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பார்கள், இன்னொரு பங்கில் அமிலம் சேர்ப்பார்கள். லீஜனெல்லா இரண்டையும் ஓரளவு தாங்கும். பிறகு கரித்தூள் கலந்த கறுப்பு அகார் தட்டில் பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மூன்று நாளுக்கு முன்னால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பத்து நாள் வரைகூட ஆகலாம். வளர்ந்தால் சாம்பல் வெள்ளையில், உடைத்த கண்ணாடித்தூள் போல மினுங்கும் சிறு புள்ளிகளாகத் தெரியும். சந்தேகமான புள்ளியை எடுத்து, சிஸ்டீன் இல்லாத தட்டில் போட்டுப் பார்ப்பார்கள். அங்கே வளரவில்லை என்றால் லீஜனெல்லாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இத்தோடு முடியவில்லை. பத்து டவரில் தேடினால் நாலைந்தில் ஏதாவது ஒரு லீஜனெல்லா இருந்தால் ஆச்சரியமில்லை. எது குற்றவாளி? நோயாளியின் சளியில் வளர்ந்த பாக்டீரியாவின் மரபணுத் தொடரையும் டவரில் வளர்ந்ததன் தொடரையும் ஒப்பிட வேண்டும். பிராங்ஸில் அப்படித்தான் அந்த ஓட்டலைப் பிடித்தார்கள். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். இப்போது டாக்டர்கள் சிறுநீர்ப் பரிசோதனை மூலமே நோயைச் சட்டென்று உறுதிசெய்துவிடுகிறார்கள். நோயாளிக்கு நல்லது. ஆனால் சளியை வளர்ப்பது குறைந்துபோய், ஒப்பிட்டுப் பார்க்க பாக்டீரியாவே கிடைப்பதில்லை. அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையும் முக்கியமாக ஒரே ஒரு வகையைத்தான் காட்டும். 60-க்கு மேற்பட்ட லீஜனெல்லா இனங்களில் மற்றவற்றால் வரும் நோய் தப்பிவிடும். சிறுநீரும் எடுங்கள், சளியும் எடுங்கள் என்று இந்தத் துறைக்காரர்கள் தொண்டை வறளக் கத்துவது இதனால்தான்.

‘கட்டடத்தில் ஒரு பாக்டீரியாகூட இருக்கக் கூடாது’ என்று கேட்டால் அனுபவமுள்ள நுண்ணுயிரியலாளர் சிரிப்பார். குழாய் என்று இருந்தால் பயோஃபிலிமும் இருக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் நார்மன் பேஸ் குழு 2009-இல் அமெரிக்காவின் 9 நகரங்களில் சுமார் 50 ஷவர்த் தலைகளை ஆராய்ந்தபோது, நுரையீரல் நோய் தரக்கூடிய மைக்கோபாக்டீரியம் ஏவியம் அவற்றில் பலவற்றில், வரும் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. அதற்காக அந்த ஊர்க்காரர்கள் குளிப்பதை விட்டுவிடவில்லை. பெரும்பாலானவர்களின் உடல் அதைச் சமாளித்துக்கொள்கிறது. ஐம்பது வயது தாண்டியவர், புகைபிடிப்பவர், நுரையீரல் நோயாளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோருக்குத்தான் ஆபத்து. அதனால் மருத்துவமனையின் உறுப்பு மாற்று வார்டுக்கு ஒரு விதி, சாதாரண அலுவலகத்துக்கு வேறு விதி.

வீட்டைப் பொறுத்தவரை ரொம்பப் பயப்பட ஒன்றுமில்லை. நீண்ட நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் எல்லாக் குழாயையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். ஷவர்த் தலையைக் கையில் பிடித்து ஒரு வாளிக்குள் தாழ்த்தி ஓடவிட்டால் தூவல் முகத்துக்கு வராது. உப்பு படிந்த ஷவரை அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள். கீசரில் தண்ணீர் தேங்கி நிற்கும் வகை என்றால் 60 டிகிரியில் வைத்து, வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்துகொள்ளலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சுடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ஏசி என்றதும் எல்லாரும் கேட்கும் கேள்வி: சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசியால் இந்த நோய் வருமா? அது தண்ணீரைத் தூவிக் குளிர்விக்கும் இயந்திரம் இல்லை. உள்ளே சொட்டும் குளிர்ந்த நீர் குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. தூசியும் பூஞ்சையும் சேராமல் அதன் ஃபில்டரைக் கழுவி வைத்தால் போதும்.